திரைக்குச் சொந்த வெளிச்சம் இல்லை

பின்னேரம் நான்கு மணியளவில் காங்கேசன்துறைக் கடற்கரையில் நின்று மேற்கே, கீரிமலைப் பக்கமாகக் கடலைப் பாருங்கள். கண் கூசும். தண்ணீரின் நிறமும் தெரியாது, அடியில் கிடக்கிற கல்லும் தெரியாது. மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கிற வெயில் மட்டும்தான் தெரியும். இப்போது 'போலரோயிட்' என்று விற்கிற கறுப்புக் கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு அதே இடத்தைப் பாருங்கள். கூச்சம் போய்விடும். கரையோரத் தண்ணீருக்குள் பாசி பிடித்த முருகைக்கல் வரைக்கும் தெரியும். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி எல்லாவற்றையும் ஒரே அளவில் இருட்டாக்கும். இந்தக் கண்ணாடியோ தெறிக்கிற வெயிலைத் தேடிப் பிடித்து மறிக்கிறது. (சூரியனை நேரே பார்க்கக் கூடாது. எந்தக் கண்ணாடி போட்டாலும் கூடாது.)

கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். உங்கள் கல்குலேற்றரை எடுத்து ஏதாவது ஓர் எண்ணை அழுத்திவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் மெதுவாகத் திருப்புங்கள். அரைச் சுற்று முடிவதற்குள் ஓர் இடத்தில் திரை முழுவதும் கறுத்துவிடும். எண்ணும் இல்லை, எண்ணுக்குப் பின்னாலுள்ள சாம்பல் நிறமும் இல்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினால் எல்லாம் திரும்பி வரும். அம்மம்மாவின் பிரஷர் பார்க்கிற மெசின், மோட்டார் சைக்கிளின் மீற்றர், சந்தையில் வாங்கிய கைக்கடிகாரம், வீட்டு ரீவி, இவற்றிலும் செய்து பாருங்கள். ரீவியைத் திருப்ப முடியாது, நீங்கள் தலையைச் சரித்தால் போதும்.

பற்றரி போகவில்லை, கல்குலேற்றர் கணக்கை மறக்கவும் இல்லை. கடலில் தெறித்த வெயிலுக்கு நடந்ததே இங்கேயும் நடந்தது. ஏன் என்று பார்க்கப் போனால் எல்.சி.டி. திரையின் முழு இரகசியமும் வெளியே வந்துவிடும். அந்த மூன்று எழுத்துக்கும் பொருள் திரவப் பளிங்குக் காட்சித்திரை. அந்தத் திரை ஒளிர்வதே இல்லை என்பதுதான் அதன் இரகசியம்.

நம்ப முடியவில்லையா? ரீவி திருத்துகிற கடை ஒன்றில் பத்து நிமிடம் நின்றாலே நம்புவீர்கள். "சத்தம் வருது, படம் வருதில்லை" என்று ஒருவர் ரீவியைத் தூக்கிக்கொண்டு வருவார். திருத்துகிற அண்ணா ரீவியைப் போட்டுவிட்டு, கைபேசியின் ரோச் லைற்றைத் திரைக்குக் கிட்டச் சரித்துப் பிடிப்பார். கறுத்துக் கிடந்த திரையில் ரோச் வெளிச்சம் படுகிற வட்டத்துக்குள் மட்டும் மங்கலாக ஆட்கள் நடமாடுவார்கள். "படம் நிக்குது, ஐயா. பின்னுக்கு லைற்தான் போட்டுது" என்பார். படத்தைப் போடுவது ஒரு பொருள், வெளிச்சம் தருவது வேறொரு பொருள். வெளிச்சம் தருவது பின்னால் அடுக்கியிருக்கும் சின்ன எல்.ஈ.டி. விளக்குகள். திரையின் வேலை அந்த வெளிச்சத்தை எந்தப் புள்ளியில் விடுவது, எந்தப் புள்ளியில் மறிப்பது என்பது மட்டுமே. 1893 இல் கட்டிய காங்கேசன்துறை வெளிச்சவீடு கப்பல்களுக்குத் தானே ஒளி கொடுத்தது. உங்கள் ரீவித் திரைக்கு அந்தப் பெருமை கிடையாது.

மறிப்பது எப்படி? அதற்கு முதலில் ஒளியைப் பற்றி ஒரு விடயம்.

ஒளி அலையாக வருகிறது. வருகிற திசைக்குக் குறுக்காக அதிர்ந்துகொண்டே வருகிறது. குறுக்கு என்றால் மேலும் கீழுமாக இருக்கலாம், இடமும் வலமுமாக இருக்கலாம், சரிவாகவும் இருக்கலாம். சூரியனிலிருந்தோ விளக்கிலிருந்தோ வரும் ஒளியில் எல்லாத் திசை அதிர்வும் கலந்திருக்கும். பனைமட்டைகளை நட்டுக்கு நிறுத்தி அடைத்த ஒரு வேலியை நினைத்துக்கொள்ளுங்கள். மட்டைகளுக்கு இடையே ஒரு கயிற்றை விட்டு, அந்தப் பக்கம் ஒருவர் பிடித்திருக்க, நீங்கள் இந்தப் பக்கம் நின்று மேலும் கீழும் உதறினால் அலை வேலியைத் தாண்டிப் போகும். பக்கவாட்டில் உதறினால் மட்டையில் அடிபட்டு நின்றுவிடும். அதிர்வுகளில் ஒரு திசையை மட்டும் விட்டு மற்றதை நிறுத்துவதற்கு முனைவாக்கம் என்று பெயர். போலரோயிட் கண்ணாடியில் இருப்பது அப்படிப்பட்ட முனைவாக்கித் தாள்.

வேலியைக் காட்டிவிட்டு அதோடு விட்டுவிட்டால் உங்களை ஏமாற்றியதாகும். அந்தத் தாளுக்குள் நீண்ட மூலக்கூறுகள் ஒரே திசையில் வரிசையாகக் கிடக்கின்றன. அந்த நீளத்துக்கு ஒத்த திசையில் அதிரும் ஒளியைத்தான் அவை விழுங்குகின்றன. குறுக்கே அதிரும் ஒளியை விட்டுவிடுகின்றன. கயிற்றுக்கு நடந்ததற்கு நேர் எதிர். பள்ளிக்கூடப் புத்தகங்கள் இதைச் சொல்வது அபூர்வம், ஆனாலும் உண்மை அதுதான்.

சரி, கடலுக்கு என்ன? தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் பெரும் பங்கு கிடையாக, தண்ணீர் மட்டத்துக்குச் சமாந்தரமாக அதிர்கிறது. சூரியன் அடிவானத்திலிருந்து 37 பாகை அளவில் நிற்கும்போது, தெறித்து வருவது முழுவதும் கிடை அதிர்வாகவே இருக்கும். யாழ்ப்பாணத்தில் சூரியன் மேற்கே இறங்கி அந்த உயரத்துக்கு வருவது, வருடத்தின் பெரும்பாலான மாதங்களில், பின்னேரம் மூன்றரைக்கும் நான்குக்கும் இடையில். நான்கு மணிக்குப் போகச் சொன்னதன் காரணம் இதுதான். கண்ணாடி நிலைக்குத்து அதிர்வை மட்டுமே விடுவதால் தெறித்த வெயில் நின்றுவிட, தண்ணீருக்குள்ளிருந்து வரும் ஒளி கண்ணுக்கு வந்து சேர்கிறது. கடலுக்குப் போக முடியாதவர்கள் கீரிமலைக் கேணியின் படியில் இருந்தும் பார்க்கலாம்.

இதே விளையாட்டைக் கப்பலில் நின்று விளையாடிய ஒருவரை உங்களுக்குத் தெரியும். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 2023 ஒக்டோபர் 14 தொடக்கம் கப்பல் ஓடியதே. நாகப்பட்டினத்தில் இறங்கி மேற்கே போனால் திருச்சி. திருச்சிக்குப் பக்கத்தில் திருவானைக்காவலில் 1888 இல் பிறந்தவர் சி. வி. இராமன். 1921 இல் இங்கிலாந்துக்குப் போய் 'நார்க்குண்டா' என்ற கப்பலில் திரும்பி வருகையில், மத்தியதரைக் கடலின் நீலம் அவரை உலுக்கியது. வானத்தின் நீலம்தான் கடலில் தெரிகிறது என்று அக்காலத்தில் பெரியவர்கள் சொல்லி வந்தார்கள். இராமன் கையோடு ஒரு நிக்கல் அரியம் வைத்திருந்தார். அது கல்சைட்டுப் பளிங்கை வெட்டி ஒட்டிச் செய்த முனைவாக்கி. அதனூடே சரியான கோணத்தில் கடலைப் பார்த்து, மேற்பரப்பில் தெறிக்கும் வான ஒளியை வெட்டிவிட்டார். கடல் நீலமாகவே இருந்தது. இன்னும் அழுத்தமான நீலமாக இருந்தது. அப்படியானால் நீலம் தண்ணீருக்குள்ளிருந்தே வருகிறது. பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தவுடன் அங்கிருந்தே 'நேச்சர்' இதழுக்கு எழுதி அனுப்பினார். ஒளிச் சிதறல் பற்றிய அந்த யோசனை வளர்ந்து 1930 இல் நோபல் பரிசில் போய் முடிந்தது.

முனைவாக்கியின் கதையில் இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு. இரத்தினபுரி மண்ணில் தூர்மலின் என்ற கல் கிடைக்கும். ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில், 1700 களின் தொடக்கத்தில், அந்தக் கல் ஒல்லாந்துக்குப் போனது. சூடாக்கினால் சாம்பலை இழுத்து ஒட்டிக்கொள்ளும் என்று கண்டு, அங்குள்ளவர்கள் புகைக்கிற சுங்கானில் தேங்கிய சாம்பலை எடுக்க அதைப் பயன்படுத்தினார்கள். 1815 இல் பியோ என்ற பிரெஞ்சு அறிஞர்தான் அதன் மற்றக் குணத்தைக் கண்டார். மெல்லிதாக வெட்டிய தூர்மலின் தகடு இரண்டை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைத்தால் ஒளி போகாது. கல்லே ஒரு முனைவாக்கி!

ஆனால் கல்லை வைத்து ரீவி செய்ய முடியாது. தாளாக வேண்டும். அதற்கு வழி காட்டியது ஒரு நாய். 1852 இல் பிறிஸ்ரலில் ஹெரபாத் என்ற வைத்தியரின் மாணவர், மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினாவைத் தின்ற நாயின் மூத்திரத்தில் அயடீன் சொட்டு ஒன்றை விட்டார். பச்சை நிறத்தில் ஊசி ஊசியாகப் பளிங்குகள் வந்தன. நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது இரண்டு ஊசிகள் குறுக்கிட்ட இடம் கறுப்பாக இருந்தது. எட்வின் லாண்ட் என்ற அமெரிக்க இளைஞர் ஹெரபாத்தின் கட்டுரைகளைப் படித்துவிட்டு, அந்தப் பளிங்குகளைத் தூளாக்கி ஒரே திசையில் அடுக்கி 1929 இல் முனைவாக்கித் தாளுக்குக் காப்புரிமை கேட்டார். பின்னர் நாயும் வேண்டாம், கொயினாவும் வேண்டாம் என்றாகிவிட்டது. ஒருவகைப் பிளாஸ்ரிக் தாளை ஒரு பக்கமாக இழுத்து நீட்டி அயடீனில் தோய்த்தால் போதும். இழுத்த திசையில் மூலக்கூறுகள் வரிசையாகிவிடும். இன்றைய எல்.சி.டி. திரைகளில் ஒட்டியிருப்பது அந்த வகைத் தாள்தான்.

இனித் திரவப் பளிங்கு.

இராமன் பிறந்த அதே 1888 ஆம் ஆண்டு, பிராக் நகரில் ரைனிற்ஸர் என்ற தாவரவியலாளர் கரட் கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த ஒரு கொலஸ்ரரோல் சேர்வையை உருக்கினார். 145.5 பாகை செல்சியஸில் அது உருகியது, ஆனால் கலங்கலாக நின்றது. தொடர்ந்து சூடாக்க, 178.5 பாகையில் திடீரெனத் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலையா? பனிக்கட்டி ஒரே ஒரு முறைதானே உருகுகிறது? ரைனிற்ஸர் குழம்பிப்போய் ஓட்டோ லேமான் என்ற பௌதிகவியலாளருக்கு எழுதினார். லேமான் முனைவாக்கி பூட்டிய நுணுக்குக்காட்டியில் அந்தக் கலங்கலைப் பார்த்தார். திரவம் போல ஓடியது. ஆனால் ஒளியைப் பளிங்கு போல நடத்தியது.

இதன் மூலக்கூறுகள் நீண்டவை. திடமான பளிங்கில் மூலக்கூறுகளுக்கு இடமும் நிலை, திசையும் நிலை. சாதாரணத் திரவத்தில் இரண்டும் இல்லை. திரவப் பளிங்கில் அவை இடம் மாறி ஓடித் திரியும், ஆனால் ஓடும்போதும் எல்லாம் ஏறக்குறைய ஒரே திசையை நோக்கியபடியே இருக்கும். கலங்கலாகத் தெரிந்ததற்குக் காரணம் அதுதான். கண்டுபிடித்து எண்பது வருடம் வரைக்கும் இதனால் வீட்டுக்கு ஒரு பயனும் வரவில்லை.

பழுதான கல்குலேற்றர் ஒன்று வீட்டில் கிடந்தால் பெரியவர் ஒருவரோடு சேர்ந்து கழற்றுங்கள். திரை ஒரு சின்னக் கண்ணாடித் தகடாக வெளியே வரும். உண்மையில் அது இரண்டு கண்ணாடி. இடையில் திரவப் பளிங்கு. எவ்வளவு இடைவெளி தெரியுமா? மில்லிமீற்றரில் நூறில், இருநூறில் ஒரு பங்கு; உங்கள் தலைமயிர் ஒன்றைக்கூட உள்ளே நுழைக்க முடியாது. இரண்டு கண்ணாடியும் ஒட்டிவிடாமல் இருக்க, கண்ணுக்குத் தெரியாத மணிகளை இடையில் தூவியிருப்பார்கள். கண்ணாடியைச் சரித்து வெளிச்சத்தில் பார்த்தால் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஏழு துண்டாக 8 இன் வடிவம் மங்கலாகத் தெரியும். அது இந்தியமும் வெள்ளீயமும் கலந்த ஒட்சைட்டுப் பூச்சு. மின் கடத்தும், ஆனால் ஒளியையும் விடும். அப்படி இரண்டும் செய்கிற பொருள் உலகத்தில் மிகச் சிலவே.

முன் கண்ணாடிக்கு மேல் ஒரு முனைவாக்கித் தாள். பின் கண்ணாடிக்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளித் தாள். இரண்டு முனைவாக்கியும் குறுக்காக ஒட்டப்பட்டவை. குறுக்காக வைத்தால் ஒளி போகாது என்று மேலே பார்த்தோம். அப்படியென்றால் கல்குலேற்றர் திரை எப்போதும் கறுப்பாக அல்லவா இருக்க வேண்டும்?

இங்கேதான் வேலைக்காரனின் கைவண்ணம். கண்ணாடியின் உட்பக்கத்தில் மெல்லிய பிளாஸ்ரிக் பூச்சைப் பூசி, அதை வெல்வெற் துணியால் ஒரே திசையில் தேய்ப்பார்கள். ஆம், துணியால்தான், கோடிக்கணக்கில் திரை செய்யும் தொழிற்சாலைகளிலும் வெல்வெற் சுற்றிய உருளைதான் காலங்காலமாகத் தேய்த்தது. தேய்த்த திசையில் திரவப் பளிங்கு மூலக்கூறுகள் படுத்துக்கொள்ளும். மேல் கண்ணாடியை வடக்குத் தெற்காகத் தேய்த்தால் கீழ்க் கண்ணாடியைக் கிழக்கு மேற்காகத் தேய்ப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள மூலக்கூறுகள் என்ன செய்யும்? பக்கத்து மூலக்கூறின் திசையோடு ஒத்துப்போவதே அவற்றின் குணம். ஆகவே படிப்படியாகத் திரும்பித் திரும்பி, மேலிருந்து கீழே போவதற்குள் 90 பாகை முறுகிவிடும். ஒளியின் அதிர்வும் அந்த முறுக்கோடு கூடவே திரும்பும். முதல் தாளைக் கடந்த ஒளி, நடுவில் கால் சுற்றுத் திரும்பி, இரண்டாம் தாளுக்குத் தோதான திசையில் வந்து சேர்கிறது. அது கடந்து போய்விடும். திரை வெளிர்சாம்பலாகத் தெரிகிறது.

இப்போது நீங்கள் 7 ஐ அழுத்துகிறீர்கள். 8 இன் ஏழு துண்டுகளில் மூன்றுக்கு மட்டும் இரண்டு மூன்று வோல்ற்று மின் அழுத்தம் போகிறது. அந்தத் துண்டுகளுக்கு அடியிலுள்ள மூலக்கூறுகள் மின்புலத்தின் திசைக்குத் திரும்பி, கண்ணாடிக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. முறுக்கு அவிழ்ந்தது. ஒளி திரும்பாமலே இரண்டாம் தாளுக்குப் போய் மறிபடுகிறது. மூன்று துண்டும் கறுக்கின்றன. 7 தெரிகிறது. அழித்துவிட்டால் மூலக்கூறுகள் பழையபடி படுத்து முறுகிக்கொள்ளும். இதற்குள் மின்னின் திசையை நொடிக்குப் பல தடவை முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரே பக்கமாக விட்டால் திரவப் பளிங்கு பழுதாகிவிடும்.

மேல் தாளை நகத்தால் மெதுவாக உரித்துவிட்டால் எண்கள் மறைந்துபோகும். ஆனால் கணக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். போலரோயிட் கண்ணாடி போட்டிருக்கிற ஆளுக்கு மட்டும் விடை தெரியும்! உரித்த தாளைக் கால் சுற்றுத் திருப்பி வைத்தால் கறுப்புப் பின்னணியில் வெளிர் எண்கள் வரும். (பரீட்சைக்குக் கொண்டுபோகிற கல்குலேற்றரில் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.)

வெளிச்சத்தை உண்டாக்குவதற்குத்தான் மின் அதிகம் வேண்டும். மறிப்பதற்குச் சொற்பம் போதும். 1973 இல் ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் விட்ட ஈ.எல்.-805 கல்குலேற்றர், திரவப் பளிங்கைச் சற்று வேறு முறையில் பயன்படுத்தி, ஒரே ஒரு சின்னப் பற்றரியில் 100 மணித்தியாலம் ஓடியது. இன்றைய கல்குலேற்றருக்கு மேசை விளக்கின் வெளிச்சம் படும் சூரியக்கலத் துண்டே போதும்.

முறுக்கு என்ற யோசனை சுவிற்சர்லாந்தின் பாசெல் நகரில் மார்ட்டின் ஷாட், வொல்ஃப்காங் ஹெல்ஃப்ரிக் என்ற இருவருடையது. 1970 டிசெம்பர் 4 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். யோசனை சரி, பொருள் சரியில்லை. அப்போது கிடைத்த திரவப் பளிங்குகள் ஈரம் பட்டாலே கெட்டுப்போகும். உப்புக் காற்று அடிக்கிற எங்கள் கரையில் ஒரு மாரி தாங்குமா? இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் கிறே 1972 அளவில் செய்த புதுச் சேர்வைகள்தான் கைகொடுத்தன. அவற்றில் ஒன்றின் பெயர் 5சி.பி. காற்றுக்கும் ஈரத்துக்கும் அசையாது. ஆனால் அது திரவப் பளிங்காக இருப்பது ஏறத்தாழ 24 பாகையிலிருந்து 35 பாகை வரைக்கும் மட்டுமே.

காங்கேசன்துறையில் வைத்துக் கணக்குப் பாருங்கள். சித்திரை மாத வெயிலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் மீற்றர் 35 பாகையைச் சில நிமிடத்தில் தாண்டும். தாண்டினால் மூலக்கூறுகள் ஒழுங்கு கலைந்து வெறும் திரவமாகும். முறுக்கு இல்லை, குறுக்குத் தாள்கள் இரண்டும் ஒளியை மறிக்கும், மீற்றர் முழுக்கக் கறுக்கும். அதனால் தனிச் சேர்வையை யாரும் பயன்படுத்துவதில்லை. நாலைந்தைக் கலப்பார்கள். ஈ-7 என்ற பழைய கலவை பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை தொடங்கி 60 பாகை அளவு வரைக்கும் தாக்குப்பிடித்தது. இப்போதுள்ள கலவைகள் அதையும் மிஞ்சும். ஆனாலும் பூட்டிய வாகனத்துக்குள் வெயிலில் வைத்த கருவியின் திரை கறுத்திருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். பயப்பட வேண்டாம், நிழலில் ஆறவிட்டால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். கனடாவிலுள்ள மாமாவைக் கேட்டால் எதிர்க் கதை சொல்வார்: கடும் பனியில் கார்த் திரையின் எண்கள் இழுபட்டு இழுபட்டு மாறும், குளிரில் திரவம் தடித்துவிடுவதால்.

ரீவித் திரை இதே கதையின் பெருக்கம். கைபேசித் திரையில் ஒரு துளி தண்ணீரை விரல் நுனியால் தெளித்துப் பாருங்கள். துளி உருப்பெருக்கும். வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று சின்னச் சின்னக் கட்டைகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு கதவு, அதன்மேல் ஒரு நிற வடி. 1920 நிரலும் 1080 நிரையும் கொண்ட ரீவியில் 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று நிறமாக 62,20,800 கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் தனித் திரான்சிஸ்டர் உண்டு. மூன்றையும் முழுக்கத் திறந்தால் வெள்ளை, முழுக்க மூடினால் கறுப்பு, அரைகுறையாகத் திறந்தால் மற்ற நிறமெல்லாம். வடியும் தாளும் சேர்ந்து விழுங்குவதால், பின்விளக்கு தருகிற ஒளியில் பத்தில் ஒரு பங்குகூட உங்கள் கண்ணுக்கு வருவதில்லை. கதவும் முழுக்க மூடாது. அறையை இருட்டாக்கிவிட்டு ரீவியில் ஒரு கறுப்புக் காட்சி வரும்போது பாருங்கள், கறுப்பு கறுப்பாக இருக்காது. சாம்பல் பூத்திருக்கும்.

பழைய மடிக்கணினி வைத்திருந்தவர்களுக்கு இன்னொரு குறையும் தெரியும். நேரே பார்த்தால் நல்ல படம். பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்தால் நிறம் எதிர்மாறாகிவிடும், முகம் நீலம் பாரிக்கும். நீண்ட மூலக்கூறுகளை நேரே பார்ப்பதும் சரிவில் பார்ப்பதும் ஒன்றல்லவே. இந்தக் குறையை நீக்கிய கதைக்கு மறுபடி இராமன் வீட்டுக்குப் போகவேண்டும்.

இராமனின் உறவில் சந்திரசேகர் இருவர். நட்சத்திரங்களை ஆராய்ந்து 1983 இல் நோபல் பரிசு பெற்றவர் இராமனுக்குப் பெறாமகன். அவரை எல்லோருக்கும் தெரியும். இராமனின் சகோதரியின் மகன், அதாவது மருமகன், சிவராமகிருஷ்ண சந்திரசேகர். அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. எனக்கு இதில் கொஞ்சம் மனக்குறை உண்டு. ஏனென்றால் நம் வீட்டுத் திரைகளுக்குக் கிட்ட நிற்பவர் இந்த இரண்டாமவர். பெங்களூரில் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் 1971 இல் திரவப் பளிங்கு ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். திரவப் பளிங்கு என்றால் கோல் வடிவ மூலக்கூறுதான் என்று உலகம் நம்பியிருந்த காலம். 1977 இல் அவரும் சதாசிவா, சுரேஷ் என்ற கூட்டாளிகளும் தட்டை வட்டமான மூலக்கூறுகளும் திரவப் பளிங்காகும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூண் தூணாக நிற்கும் என்று காட்டினார்கள். அதை வெளிநாட்டு இதழுக்கு அனுப்பவில்லை, பெங்களூரின் 'பிரமாணா' இதழிலேயே வெளியிட்டார்கள்.

தட்டை மூலக்கூறால் என்ன பயன் என்று அன்று கேட்டிருந்தால் விடை இருந்திருக்காது. 1990 களின் நடுவில் ஜப்பானின் ஃபுஜி நிறுவனம் தட்டை வடிவத் திரவப் பளிங்கைப் பூசிய ஒரு மெல்லிய தாளைச் செய்தது. கோல் மூலக்கூறுகள் சரிவுப் பார்வையில் ஒளிக்குச் செய்கிற கோளாறைத் தட்டை மூலக்கூறுகள் எதிர்ப்பக்கமாகச் செய்து சரிக்கட்டிவிடும். அந்தத் தாளை ஒட்டிய திரையைப் பக்கத்தில் இருப்பவரும் ஒழுங்காகப் பார்க்கலாம். கணினித் திரைகள் மேசைக்கு வந்து குந்தியதில் அதற்கும் பங்குண்டு. சந்திரசேகர் 2004 இல் காலமானார். பின்னாளில் மூலக்கூறுகளைக் கண்ணாடிக்குச் சமாந்தரமாகவே திருப்புகிற வேறு முறைகள் வந்து, இப்போதைய ரீவிகளைச் சுவரோரத்தில் இருந்தும் பார்க்க முடிகிறது.

விலைகூடிய கைபேசிகள் பலவற்றில் எல்.சி.டி. இல்லை, அவற்றின் புள்ளிகள் ஓ.எல்.ஈ.டி. என்று தாமே ஒளிர்பவை. கறுப்பு வேண்டிய இடத்தில் அணைந்துவிடும், அதனால் கறுப்பு நல்ல கறுப்பு. உங்கள் வீட்டுக் கைபேசி எந்த இனம் என்று அறிய, இருட்டறையில் ஒரு கறுப்புப் படத்தைத் திறந்து பார்த்தால் போதும்.

கடைசியாக ஒரு வேலை. கணினித் திரையிலோ ரீவியிலோ வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறவுங்கள். ஒரு தெளிந்த கண்ணாடித் துண்டில் ஒட்டுகிற செலோரேப்பைத் தாறுமாறாக, ஓரிடத்தில் ஓரடுக்கு, ஓரிடத்தில் ஈரடுக்கு, ஓரிடத்தில் மூன்றடுக்கு என ஒட்டித் திரைக்கு முன் பிடியுங்கள். வெறுங்கண்ணுக்கு நிறமில்லை. போலரோயிட் கண்ணாடியைப் போட்டதும் மஞ்சள், ஊதா, பச்சை எல்லாம் கொட்டும். தலையைச் சரித்தால் நிறங்கள் எதிர்நிறமாகும். செலோரேப்பைத் தொழிற்சாலையில் ஒரு பக்கமாக இழுத்திருப்பதால், அதற்குள் ஒரு திசை அதிர்வு மற்றதைவிடப் பிந்தி வருகிறது. எவ்வளவு பிந்துகிறது என்பது தடிப்பையும் நிறத்தையும் பொறுத்தது. இராமனின் இன்னொரு மருமகன் பஞ்சரத்தினம், பளிங்குகளுக்குள் ஒளி இப்படி முந்திப் பிந்தி வருவதைத்தான் பெங்களூரில் ஆராய்ந்தார். 1956 இல் 22 வயதில் அவர் எழுதிய கட்டுரையில் உள்ள ஒரு கருத்து இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. திரவப் பளிங்கால் தட்டையான வில்லைகள் செய்பவர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் ஓரடுக்குக்கு என்ன நிறம், ஈரடுக்குக்கு என்ன நிறம், மூன்றடுக்குக்கு என்ன நிறம் என்று கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வேறு கடைச் செலோரேப் ஒன்றை வாங்கி அதே அடுக்குகளைப் போட்டு, நிறங்கள் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள்.